மௌனத்துக்கு எத்தனை மீட்டர் அகலம்?
வாசகர் கேள்வி – பதில்

உள்ளரங்க வடிவமைப்பு பயிலும் மாணவர்கள் ஓர் அருவமான சொல்லில் (அதைத்தான் கருத்துரு என்கிறோம்) தொடங்கி ஓர் அறையில் போய் முடிக்கும் பயிற்சியைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். சில கடிதங்கள் பல பக்கங்களுக்கு நீண்டிருந்ததால் கேள்வியின் சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நான் இரண்டாம் ஆண்டு மாணவி. ஸ்டூடியோ வகுப்பில் ‘மௌனம்’ என்ற சொல்லைக் கொடுத்து, ஒருவர் தனியே அமர்ந்து படிப்பதற்கான அறையை வடிவமைக்கச் சொன்னார்கள். 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் கொண்ட அறை. சுவர், தரை, மேற்கூரை எல்லாவற்றையும் வெள்ளையாக்கி, ஒரு நாற்காலியைத் தவிர வேறு பொருளே இல்லாமல் வரைந்தேன். ஜூரிக்கு (வடிவமைப்பை மதிப்பிடும் குழுவுக்கு) வந்தவர், “இது வெறுமை, மௌனம் எங்கே?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

பதில்: வந்தவர் இரக்கத்தோடு பேசியிருக்கிறார். நீங்கள் வரைந்தது சத்தம் மிகுந்த அறை. சும்மா சொல்லவில்லை, கணக்குப் போட்டே பார்க்கலாம். உங்கள் அறையின் கன அளவு 90 கன மீட்டர்; தரை, மேற்கூரை, நான்கு சுவர்கள் எல்லாம் சேர்ந்த பரப்பு 126 சதுர மீட்டர். வழவழப்பான பூச்சும் கல் தரையும் தம்மீது படும் ஒலியில் நூற்றில் ஏறத்தாழ மூன்று பங்கைத்தான் விழுங்கும். மீதியைத் திருப்பி அனுப்பிவிடும். கன அளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சு பரப்பால் (பரப்பை அது விழுங்கும் பங்கால் பெருக்கியது) வகுத்தால், எழுந்த ஒலி 60 டெசிபல் தணிய எத்தனை நொடி ஆகும் என்று தெரிந்துவிடும். உங்கள் அறைக்கு விடை ஏறத்தாழ 3.8 நொடி. நாற்காலியை நகர்த்தினால் அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அடுத்த வரியைப் படித்து முடித்துவிடலாம். அதே அறையின் மேற்கூரையில் மட்டும், ஒலியில் நூற்றுக்கு எண்பது பங்கை உறிஞ்சும் பலகைகளைப் பொருத்தினால் விடை அரை நொடிக்குச் சற்று மேலே வந்து நின்றுவிடும். சுவர்கள் வெறுமையாக ஒன்றையொன்று பார்த்து நிற்பதால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் கூடலாம். ஆனாலும் இரண்டு அறைகளும் இரண்டு உலகங்கள்.

இந்தச் சமன்பாட்டைத் தந்த வாலஸ் சபைன் 1895இல் ஹார்வர்டில் இளம் ஆசிரியர். புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேசுவது எதுவும் விளங்கவில்லை என்ற புகாரைச் சரிசெய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. அங்கே ஒரு சொல் ஐந்து நொடிக்கு மேல் சுழன்றுகொண்டிருந்தது. அவர் அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துகொண்டு வந்து பரப்பி, மெத்தை கூடக் கூட ஒலி எவ்வளவு விரைவாகத் தணிகிறது என்று அளந்தார். அமைதியை மெத்தைக் கணக்கில் அளந்த மனிதர் என்று என் மாணவர்களிடம் சொல்வேன். சிரிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ‘மௌனம்’ என்பது பெயர்ச்சொல். பெயர்ச்சொல்லை அப்படியே அறைக்குள் கொண்டுவர முயன்றால் கையில் கிடைப்பது நிறமும் அலங்காரமும்தான். வெள்ளை நிறம் உங்களுக்கு வந்து சேர்ந்ததும் அப்படித்தான். அதை ஒரு வினைச்சொல்லாக மாற்றிப் பாருங்கள். மௌனத்தில் என்ன நடக்கிறது? ஓசை அடங்குகிறது. அல்லது யாரோ ஓசையை அடக்குகிறார்கள். அடங்குதல், அடக்குதல் என்று நம் மொழி தன்வினையையும் பிறவினையையும் ஒரே எழுத்தின் மாற்றத்தில் காட்டிவிடுகிறது. வடிவமைப்பவருக்கு இவை இரண்டும் வெவ்வேறு அறைகள். ஓசை தானாக அடங்க வேண்டுமானால் அதற்கு வழி வேண்டும், நேரம் வேண்டும். வாசலுக்கும் நாற்காலிக்கும் நடுவே இரண்டு திருப்பங்கள் கொண்ட நடை, அந்த நடையின் தரை கல்லில் தொடங்கி மரத்துக்கு மாறிக் கம்பளத்தில் முடிவது, மேற்கூரை 3 மீட்டரிலிருந்து 2.3 மீட்டருக்குத் தாழ்ந்து வருவது. இப்படி வருபவரின் காலடி ஓசை ஒவ்வொரு கட்டத்திலும் குறைவதை அவரே கேட்பார். ஓசையை அடக்குவது என்றால் கனத்த கதவு, இரட்டைச் சுவர், கதவு மூடியதும் சட்டென்று வெட்டுண்டதுபோல் ஓர் அமைதி. முதல் அறையில் மனம் தணியும்; இரண்டாவதில் காது திடுக்கிடும். எது உங்கள் மௌனம் என்று முடிவு செய்தீர்களானால் நீளம், அகலம், பொருள், கதவின் எடை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும்.

சோதனை ஒன்று சொல்கிறேன். உங்கள் கருத்துரு எதையாவது ‘வேண்டாம்’ என்று சொல்கிறதா? வெள்ளை அறையில் எந்த விளக்கைப் போட்டாலும், கதவு எங்கே இருந்தாலும் உங்கள் மௌனம் வாயைத் திறக்கவில்லை. ஓசை படிப்படியாக அடங்கும் அறையாக இருந்தால், நாற்காலிக்கு நேர் எதிரே வாசல் வைக்கும்போது அது உடனே முரண்டு பிடித்திருக்கும்.

கேள்வி: என் கருத்துரு ‘நீர்’. அலைபோல வளைந்து செல்லும் ஃபால்ஸ் சீலிங், நீல நிற விளக்கு, தரையில் வட்ட வட்டமாகக் கல் பதிப்பு என்று ஒரு காத்திருப்பு அறையை வடிவமைத்தேன். ஆசிரியர் “இவ்வளவு நேரடியாகவா?” என்று ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பிவிட்டார். நீர் என்றால் அலை இருக்கக் கூடாதா?

பதில்: இருக்கலாம். ஆனால் அலை நீரின் படம் மட்டுமே. நீங்கள் நீரைப் பார்த்து வரைந்திருக்கிறீர்கள். அது என்ன செய்கிறது என்று இன்னும் கேட்கவில்லை. நீர் மட்டம் தேடும். கொண்ட கலத்தின் வடிவத்தை ஏற்கும். தடையைச் சுற்றிப் போகும். தன்மீது விழுந்ததைக் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கையும் எடுத்தால் மறுபடியும் நீலவிளக்கு வந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி ‘மட்டம்’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார். அவருக்கும் காத்திருப்பு அறைதான். அறை முழுவதையும் சுற்றிவரும் ஒரே கிடைக்கோட்டைத் தரையிலிருந்து 1,400 மி.மீ. உயரத்தில் வரைந்தார். கோட்டுக்குக் கீழே இருந்தவை எல்லாம், சுவர், கதவின் கீழ்ப்பாதி, தூணின் அடி, நாற்காலி உட்பட, அடர் நிறத்திலும் பளபளப்பிலும் இருந்தன. கோட்டுக்கு மேலே எல்லாம் வெளிர் நிறம், மங்கலான பூச்சு. நிற்பவரின் கண் ஏறத்தாழ 1,500 முதல் 1,600 மி.மீ. உயரத்தில் இருக்கும், அமர்ந்தவரின் கண் 1,200 அளவில். ஆக, உட்கார்ந்தால் மூழ்குவீர்கள், எழுந்தால் தலை வெளியே வரும். அலையும் இல்லை, நீலமும் இல்லை. ஆனால் அந்த அறையின் சிறு மாடலுக்குள் குனிந்து பார்த்தவர்கள் எல்லோரும் தம்மை அறியாமல் மூச்சை இழுத்துவிட்டார்கள்.

கதை அங்கே முடியவில்லை. ஜூரியில் ஒருவர், “சக்கர நாற்காலியில் வருபவர் இந்த அறையில் எப்போதும் மூழ்கியேதான் இருக்க வேண்டுமா?” என்று கேட்டார். மாணவி இரண்டு நாள் பேசவே இல்லை. மூன்றாம் நாள் தரையையே சாய்த்துக்கொண்டு வந்தார். 1:12 சரிவில் 5.4 மீட்டர் நீளத்துக்கு ஏறும் சரிவுப்பாதை, மொத்தம் 450 மி.மீ. உயர்வு. கிடைக்கோடு அசையவில்லை, தரைதான் உயர்ந்தது. மேல்தளத்தில் அதே கோடு 950 மி.மீ. உயரத்தில் இருக்கும், அமர்ந்திருப்பவரின் கண்ணும் நீருக்கு மேலே வந்துவிடும். கருத்துரு வலுவாக இருந்ததால்தான் அந்தக் கேள்வியைத் தாங்கியது. தாங்கியதோடு முன்பைவிட நல்ல அறையாகவும் ஆனது. உங்கள் அலைச் சீலிங்கிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் அது என்ன பதில் சொல்லும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜப்பானின் கனகாவா தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் ஜுன்யா இஷிகாமி 2008இல் கட்டிய மாணவர் பட்டறையையும் படங்களில் தேடிப் பாருங்கள். நடுவில் சுவரே இல்லாத ஒரே பெருங்கூடம். அதில் 305 மெல்லிய வெள்ளை இரும்புத் தூண்கள் ஒழுங்கற்று நிற்கின்றன. தூண்கள் நெருங்கும் இடமும் விலகும் இடமும்தான் அங்கே அறைகள். ஓர் இலைகூட வரையப்படவில்லை, ஆனாலும் பார்ப்பவர்கள் காடு என்கிறார்கள்.

கேள்வி: என் மகன் உள்ளரங்க வடிவமைப்புப் படிப்பில் சேர்ந்து ஆறு மாதங்கள் ஆகின்றன. இதுவரை காகிதத்தை மடிப்பதும் கம்பியை வளைப்பதும்தான் நடக்கிறது. அலமாரி எங்கே வைப்பது, விளக்கு எங்கே போடுவது என்பதையெல்லாம் எப்போது கற்றுத் தருவார்கள்?

பதில்: உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. இது நூறாண்டுப் பழக்கம். 1919இல் வைமார் நகரில் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளியில் சேர்ந்தவர் யாராக இருந்தாலும் எந்தப் பட்டறைக்குள்ளும் போவதற்கு முன் ஆறு மாத அடிப்படைப் பயிற்சியை முடிக்க வேண்டும் என்று ஜோஹன்னஸ் இட்டன் வகுத்தார். பின்னர் அந்தப் பயிற்சியில் பங்கேற்றுக் கற்பித்த ஜோசப் ஆல்பர்ஸ், மாணவர்களிடம் செய்தித்தாளைக் கொடுத்து, கொஞ்சமும் வீணாக்காமல் ஏதாவது செய்யச் சொல்வார். படகும் கோட்டையும் செய்தவர்களை அவர் பெரிதாக மதிக்கவில்லை. தாளை ஒரே மடிப்பில் நிற்க வைத்தவரைப் பாராட்டினார். தொளதொளவென்று கிடக்கும் தாள் மடித்ததும் நிற்கிறதே, அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்பதுதான் பாடம். நான்காண்டு கழித்து உங்கள் மகன் துணைக்கால் எதுவும் இல்லாமல் தானே நிற்கும் ஒரு தடுப்பை வடிவமைப்பார். அதன் தொடக்கம் இந்த மடிப்பில் இருக்கிறது.

அலமாரியின் ஆழம் 600 மி.மீ., சக்கர நாற்காலி திரும்ப 1,500 மி.மீ. வட்டம், படிக்கும் மேசையில் 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சம். இவை எல்லாம் இரண்டு வாரத்தில் கையேட்டைப் பார்த்துப் படித்துவிடக் கூடியவை. ஆனால் உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. முதலாண்டு முடியும்போதும் காகித மடிப்பைச் சுவரோடு இணைத்துக் காட்டும் ஆசிரியர் ஒருவரும் வரவில்லை என்றால், நீங்கள் போய்க் கேட்பதில் தவறே இல்லை.

கேள்வி: அறைக்குள் வருபவருக்குக் கருத்துரு புரிய வேண்டுமா? புரியவில்லை என்றால் மாணவர் தோற்றுவிட்டார் என்று பொருளா?

பதில்: சொல் புரிய வேண்டியதில்லை. அந்தச் சொல் செய்ய நினைத்ததை உடல் உணர்ந்தால் போதும். பெர்லினில் டேனியல் லிபெஸ்கிண்ட் வடிவமைத்த யூத அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1989இல் போட்டியில் தேர்வாகி 2001இல் திறக்கப்பட்டது. அங்கே அவருடைய கருத்துரு ‘இன்மை’. ஒரு நகரம் தன் மக்களில் ஒரு பகுதியை இழந்ததால் ஏற்பட்ட வெற்றிடம். கட்டடம் மின்னல்போல் வளைந்து வளைந்து செல்கிறது. அதை ஒரு நேர்க்கோடு ஊடுருவுகிறது. அந்தக் கோடு வெட்டும் இடங்களில் கீழ்த்தளம் முதல் கூரைவரை வெறும் காலி இடங்கள். பெரும்பாலும் அங்கே காட்சிப் பொருள்கள் கிடையாது. அருங்காட்சியகம் தன் நடுவில் இருக்கும் அந்த ஓட்டைகளைச் சுற்றித்தான் போக வேண்டியிருக்கிறது. இன்னோர் இடத்தில் 24 மீட்டர் உயரக் கான்கிரீட் கோபுரம். வெப்ப வசதி இல்லை. மேலே எங்கோ ஒரு கீறலில் மட்டும் வெளிச்சம். வெளியே தெருவின் சத்தம் மெல்லக் கேட்கும், தெரு தெரியாது. விளக்க அட்டையைப் படிக்காதவருக்கும் குளிர் தெரியும். வெளியே தோட்டத்தில் 49 தூண்கள், சாய்ந்த தரை; நடப்பவருக்குக் காரணம் தெரியாமலே கால் தடுமாறும்.

இதற்கு நேர்மாறானதையும் ஆண்டுதோறும் பார்க்கிறேன். மேலிருந்து பார்த்தால் பறவைபோல, எழுத்துபோல, இதயம்போலத் தெரியும் பிளான்கள். அறைக்குள் யாரும் பறந்து வருவதில்லையே.

கேள்வி: என் கருத்துரு ‘விரிசல்’. ஓர் ஒளிக்கீற்று மேற்கூரையில் தொடங்கி, சுவர் வழியே இறங்கி, தரையில் ஓடி மறையும் வாசிப்பு அறை. ஜூரியில் நல்ல பாராட்டு. துறையிலேயே ஒரு மூலையில் அதை முழு அளவில் கட்டிப் பார்க்கவும் அனுமதி கிடைத்தது. செயல் வரைபடம் (கட்டுபவருக்கு அளவோடு தரும் படம்) போடத் தொடங்கியதும் ஏசி குழாய், பிளைவுட் இணைப்பு, விளக்குப் பட்டை என்று ஒவ்வொன்றாக வந்து நின்றது. கட்டி முடித்தபோது விரிசல் சாதாரண டியூப் லைட்டைப்போல் ஆகிவிட்டது. படம் இணைத்திருக்கிறேன். எங்கே தவறினேன்?

பதில்: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்கு இடங்கள் கண்ணில் பட்டன.

முதலில், கீற்றுக்குள் புள்ளி புள்ளியாக எல்.இ.டி. தெரிகிறது. மீட்டருக்கு 60 விளக்குகள் உள்ள பட்டையில் ஒரு விளக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏறத்தாழ 17 மி.மீ. இடைவெளி. அதற்கு மேலே உள்ள பால்நிற மூடியும் விளக்கிலிருந்து குறைந்தது அதே அளவு விலகியிருக்க வேண்டும். ஒன்றரை மடங்கு விலகினால் நல்லது. உங்கள் மூடி 8 மி.மீ. தொலைவில்தான் இருக்கிறது. விரிசலுக்கு ஆழம் வேண்டும் என்பது கவித்துவமான கூற்று மட்டுமில்லை, மில்லிமீட்டரில் சொல்லக்கூடிய தேவை. இரண்டாவது, கீற்றின் இருபுறமும் அலுமினியப் பட்டி வைத்திருக்கிறீர்கள். எந்த விரிசலுக்காவது சட்டம் உண்டா? பூச்சு விளிம்புவரை வந்து கூர்மையாக முடிந்திருந்தால் சுவரே பிளந்ததுபோல் இருந்திருக்கும். பட்டி வந்ததும் அது வாங்கிப் பொருத்திய விளக்காகிவிட்டது. மூன்றாவது, பிளைவுட் தாளின் அகலம் 1,220 மி.மீ. என்பதால் சுவரில் அந்த இடைவெளியில் இணைப்புக் கோடுகள் விழுந்து, உங்கள் கீற்றுக்கு இணையாக ஓடுகின்றன. கண்ணுக்கு ஒரு விரிசல் தெரியவில்லை. ஐந்து கோடுகள் தெரிகின்றன, அதில் ஒன்றில் மட்டும் வெளிச்சம். தாளை அறையின் மூலையிலிருந்து பொருத்தத் தொடங்காமல் கீற்றிலிருந்து இருபுறமும் பொருத்திக்கொண்டு போய், மற்ற இணைப்புகளை நிரப்பித் தேய்த்து மறைத்திருக்கலாம். நான்காவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. மேற்கூரையும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு கையளவு இருட்டு. பட்டை அங்கே முடிந்து மறுபடியும் தொடங்குகிறது. விரிசல் மூலையில் திரும்பும் அந்த ஒரு புள்ளிதான் முழு வடிவமைப்புக்கும் உயிர். அதை முதலில் தீர்த்துவிட்டு மற்றவற்றை வரைந்திருக்க வேண்டும்.

ஏசி குழாய்க்காகக் கீற்றை 300 மி.மீ. நகர்த்தியதைப் பெரிய தோல்வியாக எழுதியிருக்கிறீர்கள். அது ஒன்றுமே இல்லை. விரிசல் எங்கே விழுந்தாலும் விரிசல்தான். அது தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதில்தான் நீங்கள் பிடிவாதமாக இருந்திருக்க வேண்டும். நகர்த்தக் கூடாது என்று சண்டை போட்டுவிட்டு, அறுபட்டதைக் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள். செயல் வரைபடத்தைத் தொடங்குவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிவையுங்கள்: எது மாறலாம், எது மாறக் கூடாது. மாறக் கூடாதவை மூன்றுக்கு மேல் இருந்தால் உங்களுக்கே இன்னும் கருத்துரு தெளிவாகவில்லை என்று பொருள்.

பொருளின் அளவு எப்போதும் கருத்துருவுக்குப் பகை என்று நினைத்துவிடாதீர்கள். சுவிட்சர்லாந்தின் வால்ஸ் கிராமத்தில் பீட்டர் சும்தோர் 1996இல் முடித்த வெந்நீர்க் குளியல் கூடத்தில் சுவர்கள் எல்லாம் அதே ஊரின் குவார்ட்சைட் கல். பலகைகளின் தடிப்பு 31, 47, 63 மி.மீ. என்று மூன்றே வகை. எந்த வரிசையில் அடுக்கினாலும் மூன்றும் இணைப்பு இடைவெளியும் சேர்ந்து 150 மி.மீ. ஆகிவிடும். அடுக்கு ஒழுங்கற்றதாகத் தெரியும், ஆனால் படியும் விளிம்பும் வாசலும் அந்த 150இன் மடங்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மலையைக் குடைந்த குகைபோன்ற கூடம் என்ற எண்ணம் ஒரு கல்லின் தடிப்பில் வந்து பிடிபட்டிருக்கிறது. ஜப்பானின் இபராகியில் தடாவோ ஆண்டோ 1989இல் முடித்த ஒளித் தேவாலயத்தையும் பாருங்கள். கான்கிரீட் சுவரில் சிலுவை வடிவில் வெட்டிய பிளவு, அவ்வளவுதான். அந்தப் பிளவில் கண்ணாடியே வேண்டாம், காற்றும் உள்ளே வரட்டும் என்பது அவருடைய விருப்பம். குளிரில் அமர்ந்து வழிபட வேண்டியவர்கள் சம்மதிக்கவில்லை, கண்ணாடி வந்தது. ஆனால் கண்ணாடியைச் சுற்றிக் கண்ணில் படும் சட்டம் வரவில்லை. விட்டுக்கொடுத்ததும் விட்டுக்கொடுக்காததும் ஒரே பிளவில் இருக்கின்றன.

கேள்வி: ஐயா, நான் முப்பது வருடமாக மர வேலை செய்கிறேன். மாணவர்கள் கொண்டுவரும் படங்களில் பலகைக்குத் தடிப்பே இருக்காது. வளைவு இருக்கும், எதில் வளைப்பது என்று இருக்காது. நான் சொன்னால் “கான்செப்ட் கெட்டுவிடும்” என்கிறார்கள். இவர்களோடு எப்படிப் பேசுவது?

பதில்: உங்கள் கடிதத்தை என் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். நெளிந்தார்கள். கணினியில் கோட்டுக்குத் தடிப்பு இல்லாததால் உலகத்திலும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள், 18 மி.மீ. பலகைகள் இரண்டு மூலையில் சேரும்போது எது எதன்மேல் ஏறும் என்று ஒருமுறைகூட யோசித்திருக்க மாட்டார்கள்.

அடுத்த முறை ஒருவர் வந்தால், “இது முடியாது” என்று தொடங்காமல், “இதில் எதை மாற்றினால் உங்களுக்கு வலிக்கும்?” என்று கேளுங்கள். தெளிவான மாணவர் ஒரே இடத்தைக் காட்டுவார். மற்றதையெல்லாம் உங்கள் கைக்கு விட்டுவிடுவார். எல்லா இடமும் வலிக்கும் என்பவரைத் திருப்பி அனுப்பிவிடலாம், நான் தவறாக நினைக்க மாட்டேன். வளைவுக்கு மெல்லிய தாள்களை ஒட்டி அடுக்குவதா, பின்புறம் ரம்பத்தால் கீறி வளைப்பதா என்று நீங்கள் இரண்டு துண்டு செய்து காட்டினால், கீறி வளைத்ததில் மேற்புறம் லேசாகப் பட்டை பட்டையாகத் தெரிவதை அவர்களே பார்ப்பார்கள். என் மாணவர் ஒருவருக்கு அந்தப் பட்டைதான் பிடித்துப்போய்க் கருத்துருவே ‘மடிப்பு’ என்று மாறியது. அந்த மாற்றத்தில் பாதிப் பங்கு அந்தத் துண்டைச் செய்து காட்டிய தச்சருடையது. ஜூரியில் அவர் பெயரைச் சொல்லச் சொன்னேன், சொன்னார்.

கேள்வி: கணினியில் ரெண்டர் (அறையை நிழற்படம்போலக் காட்டும் படம்) இவ்வளவு அழகாக வரும்போது அட்டை மாடல் எதற்கு?

பதில்: ரெண்டர் நீங்கள் தேர்ந்தெடுத்த கோணத்தைக் காட்டும்; மாடல் நீங்கள் தேர்ந்தெடுக்காத கோணத்தைக் காட்டிக்கொடுக்கும். 1:20 அளவில் அட்டையில் செய்து, தரையிலிருந்து 80 மி.மீ. உயரத்தில், அதாவது அந்த அளவில் நிற்பவரின் கண் உயரத்தில், கைப்பேசிக் கேமராவை வைத்துச் சூரிய வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். அரை மணி நேர வேலை.

கேள்வி: மாணவர்களின் இப்படிப்பட்ட கருத்துருக்கள் உண்மையிலேயே கட்டப்பட்டதுண்டா? அல்லது மதிப்பெண்ணோடு முடிந்துவிடுமா?

பதில்: பெரும்பாலும் மதிப்பெண்ணோடு முடிந்துவிடும். எல்லாமே அப்படி முடிவதில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் 1967 முதல் முதலாண்டு முதுகலைக் கட்டடக்கலை மாணவர்கள் தாம் வடிவமைத்ததைத் தாமே கட்டும் வழக்கம் இருக்கிறது. அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் மாக்பீயும் டி.கே. ரூத்தும் 1993இல் தொடங்கிய ரூரல் ஸ்டூடியோவில் மாணவர்கள் ஓர் ஏழைச் சிற்றூருக்குச் சமூகக் கூடம் கட்டினார்கள்; அதன் ஒரு பக்கக் கூரை, பழைய கார்களிலிருந்து எடுத்த 80 முகப்புக் கண்ணாடிகளால் ஆனது. கண்ணாடிகள் மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன.

எல்லாவற்றிலும் பெரிய எடுத்துக்காட்டு உள்ளரங்கம் அன்று. ஆனாலும் என் வகுப்பில் அதைத்தான் முதலில் சொல்வேன். 1981இல் யேலில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாயா லின், ஒரு வகுப்புப் பயிற்சிக்காகச் செய்த வடிவமைப்பை வியட்நாம் போர் நினைவிடப் போட்டிக்கு அனுப்பினார். வந்தவை 1,421 வடிவமைப்புகள். பெயர் தெரியாமல் எண் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் அனுப்பியது சில மென்மையான பாஸ்டல் ஓவியங்களும் ஒரு பக்க விளக்கமும்தான். நிலத்தில் ஒரு வெட்டுக்காயம், அதன் உள்முகமாகப் பளபளக்கும் கருங்கல் சுவர், அதில் இறந்தவர்களின் பெயர்கள். சுவர் தொடங்கும் இடத்தில் சில அங்குல உயரமே. இறங்கி நடக்க நடக்க அது தலைக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. பெயர்களை அவர் அகர வரிசையில் வைக்கவில்லை. இறந்த நாளின் வரிசையில் வைத்தார். போரின் முதல் பெயரும் கடைசிப் பெயரும் இரு சுவர்களும் கூடும் மூலையில் அருகருகே வந்து சந்திக்கும், வட்டம் மூடும்.

தேடுவதற்கு எளிதாக அகர வரிசையில் வைக்கச் சொல்லி அழுத்தம் வந்தது. அப்படி வைத்தால் அது தொலைபேசிப் புத்தகமாகிவிடும். ஒரே பெயரில் நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையாக நிற்பார்கள், தம் பிள்ளை எந்தப் பெயர் என்று தாய்க்கே தெரியாமல் போகும். வரிசை மாறவில்லை. 57,000க்கும் மேற்பட்ட பெயர்களோடு 1982இல் சுவர் திறக்கப்பட்டது. தேடி வருபவர்களுக்காக அங்கே தாங்கிகளில் கனத்த பெயர்ப் புத்தகங்களை வைத்திருக்கிறார்கள். அதில் பெயர்கள் அகர வரிசையில்தான் இருக்கும். பக்கத்தில் எந்தப் பலகை, எத்தனையாவது வரி என்ற எண் இருக்கும்.